பையை அமுக்கின கை

அம்பு பேக் என்பது ரப்பர் பந்து மாதிரி, உள்ளங்கைக்கு அடங்காத அளவில் இருக்கும். தொண்டைக்குள் போன குழாயில் மாட்டி அமுக்கினால் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். ஆம்புலன்சில் அதை அமுக்குவது என் வேலை. ஆஸ்பத்திரியில் இனிமேல் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்ட ஆளை, உயிர் வீட்டில் போகட்டும் என்று எழுதிக் கொடுத்துக் கூட்டிப்போவார்கள். வீட்டுக்குப் போனதும் மகனோ தம்பியோ தலையாட்டுவார். நான் கையை எடுத்துவிடுவேன். அதைப் பற்றி யோசித்தது கிடையாது, ஆரணியில் ஒரு அம்மாவைப் பார்க்கும் வரை.

அவர் புருஷன் பட்டு நெய்கிறவர். மூளையில் ரத்தம் கட்டி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு மிஷினில் இருந்தார். வீட்டில் கூடம் முழுக்கத் தறி. அதை ஒட்டிக் கட்டிலைப் போட்டார்கள். எனக்கு வேறு இடம் இல்லை. அவர் நெய்கிற பலகையிலேயே உட்கார்ந்து, காலைத் தறிக் குழிக்குள் விட்டுக்கொண்டு அமுக்கினேன். மகன் தலையாட்டப் போகும் நேரம் அந்த அம்மா குறுக்கே வந்தார். "பொண்ணு படவேட்டுலேர்ந்து வந்துகினு இருக்கா. அதுவரிக்கும் அமுக்கு தம்பி" என்றார். அங்கிருந்து பஸ் குறைவு. இரண்டு மணி நேரம் அமுக்கினேன். நடுவில் சாவு வீட்டுக்குப் போடுகிற நாற்காலிகளோடு பந்தல்காரர் வந்துவிட்டார். யாரோ அவசரப்பட்டுச் சொல்லியிருக்கிறார்கள். "ஆளு மூச்சு வுட்டுகினு கீறாரு, உனக்கு இன்னாப்பா ஜல்தி? எடுத்துகினு போ" என்று அந்த அம்மா விரட்டினார். "தெரு முனையில நிக்கிறேங்க" என்று சொல்லி அவர் அங்கே போய் நின்றார்.

மகள் வந்தாள். அப்பா காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்தாள். நான் மகனைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்தார். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. நானாக எடுக்க முடியாது. அப்போது அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கை நோவுதா தம்பி?"

எனக்கு நோவவில்லை. மாற்றி மாற்றி அமுக்கிப் பழகின கை. இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அமுக்கியிருப்பேன். ஆனால் "ஆமாம்மா" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அப்ப வுட்டுடுப்பா. எவ்ளோ நேரந்தான் நீயும்" என்றார். விட்டேன்.

இப்போது டிவியில் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். கருணைக்கொலை என்கிறார்கள். கோர்ட்டு, டாக்டர், கையெழுத்து என்று நிறைய சொல்கிறார்கள். சரி என்பவர் பேசினால் சரியாகப் படுகிறது. தப்பு என்பவர் பேசினால் அதுவும் சரியாகத்தான் படுகிறது. எங்கள் டிரைவர் அண்ணன், "நாம கொண்டாந்து வுட்டோம், அவ்ளோதான். பேஜார் பண்ணிக்காத" என்கிறார். அவர் முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவர். அந்த அம்மா என்னைக் கேட்டாரா, எனக்குச் சொன்னாரா? நான் நோவவில்லை என்றிருந்தால் என்ன செய்திருப்பார்? வேறு ஆளை ஏற்றிப் போகும்போது பாதி ராஸ்தாவில் இந்த நினைப்பு வந்தால் கை ஒரு அமுக்கு பிந்துகிறது.

போன மாசம் ஆரணி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். களம்பூர் போக நின்றிருந்தார். அடையாளம் கண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கை இப்ப எப்படி கீது தம்பி? அன்னிக்கு உன் கை நோவுதேன்னுதான் வுடச் சொன்னேன்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். உண்மை வாய் வரை வந்தது.

"இன்னும் நோவுதும்மா" என்றேன்.

களம்பூர் பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. என் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே நின்றார்.