ஆற்றுக்கடியில் அடைத்த வாயுப்பனி

புரோகோர் பிடிவாதக்காரன். எங்கள் சைபீரிய ஊருக்கு வரும் எரிவாயுக் குழாயைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களில் அவனோடு போக யாருக்கும் பிடிக்காது. நான் போவேன். அவன் இடது கையில் இரண்டு விரல்தான். மற்றவை போன அன்று கூட இருந்த மகார் செத்துப்போனான். ஒரு பக்கம் மட்டும் வால்வைத் திறந்ததால் வந்த வினை.

அக்டோபரில் ஆற்றுக்கடியில் குழாய் அடைத்தது. சாதாரணப் பனிக்கட்டி இல்லை அது. பள்ளத்தில் தேங்கும் நீர், அழுத்தமும் குளிரும் சேர்ந்தால் கூண்டு கட்டி வாயுவை உள்ளே பிடித்துக்கொள்ளும். தண்ணீர் உறையாத குளிரிலேயே கல்லாகும். அழுத்தம் குறைந்தால் கூண்டு உடையும். ஆனால் இரண்டு கரையிலும் ஒன்றாகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபக்க அழுத்தம் கட்டியைப் பீரங்கிக் குண்டாகத் தள்ளும்.

ஆறு பாதி உறைந்து கிடந்தது. படகும் போகாது, வண்டியும் போகாது. எங்களோடு வேலை செய்யும் யெர்மோலாய், ஆற்றின் மேல்பக்கம் தொலைவில் இருக்கும் பாலம் வழியாக அக்கரை வால்வுக்குச் சுற்றிப் போயிருந்தான்.

வயர்லெஸ்ஸில் புரோகோரின் மனைவி தைசியா கத்தினாள். இந்த வாயுவில் எரிந்து ஆஸ்பத்திரியைச் சூடாக்கும் கொதிகலனில் அவளுக்கு வேலை.

"யோவ், அங்க மீனா புடிக்கற? இங்க வார்டெல்லாம் சில்லுனு கெடக்கு. மகளும் கொழந்தையும் ஒரே கோட்டுக்குள்ள சுருண்டிருக்காங்க."

"பொறந்துடுச்சா?"

"பொண்ணு. உன்ன மாதிரியே கத்துது. தொறந்து வுடுய்யா!"

புரோகோரின் கை வால்வுச் சக்கரத்தில் இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டான்.

"யெர்மோலாய் போய்ச் சேரட்டும். நீ அங்க இருக்கற பழைய வெறகடுப்பப் பத்த வை. நம்ம வேலிய ஒடச்சுப் போடு."

"போன வாரம் பெயிண்ட் அடிச்சியே, அந்த வேலியா?"

"அதேதான். நான் வேற செஞ்சு தரேன்."

"ரெண்டு வெரல வெச்சுக்கிட்டு வேலி செய்யறாராம்!" என்றாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

ஒருவழியாக யெர்மோலாயின் குரல் வந்தது: "வந்துட்டேண்ணே."

இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் திறந்து வாயுவை வெளியே விட்டோம். கூண்டு உடையும்போது சூட்டை உறிஞ்சும்; அவசரப்பட்டால் அதிலிருந்து வரும் நீர் அசல் பனிக்கட்டியாகி இன்னும் மோசமாகும். அதனால் திறப்பதும் நிறுத்துவதுமாக இருந்தோம். வெளிச்சம் மங்கும் நேரத்தில் குழாய் தொண்டையைச் செருமியது. அடைப்பு கரைந்துவிட்டது. மறுபடி கட்டாமலிருக்க மெத்தனால் செலுத்தி, வாயுவை ஊருக்கு விட்டோம்.

"நீலமா எரியுதுய்யா!" என்று தைசியாவின் குரல் வந்தது.

ஆஸ்பத்திரியில் பேத்தியைப் பார்த்துவிட்டு, தைசியாவோடு அவர்கள் வீட்டுக்குப் போனோம். வேலி மொத்தமும் சாம்பலாகியிருந்தது. நடுவில் கேட் மட்டும் தனியாக நின்றது.

"அத மட்டும் ஏன் விட்ட?" என்றான் புரோகோர்.

"நீ மரியாதையா தொறந்துட்டு வரணும்ல?"

சுற்றிலும் வெட்டவெளி. அவன் கேட்டைத் திறந்து உள்ளே போனான். நானும் அதே வழியாகத்தான் போனேன்.