நான் தடுத்த பெயரில்லாத கருவி

சேவுகம்பட்டி பக்கம் எங்கள் வீடும் மல்லிகைத் தோட்டமும் ஒட்டியே இருக்கின்றன. ஒருநாள் காலை, எங்கள் வைஃபையில் என்னென்ன இணைந்திருக்கின்றன என்று போனில் பார்த்தேன். பெயரில்லாமல் ஒரு கருவி இருந்தது. அதன் முகவரி எண்ணில் முதல் ஆறு இலக்கங்களை இணையத்தில் தேடினால், செய்த கம்பெனி தெரியும் என்று படித்திருந்தேன். தேடினேன். அந்தக் கம்பெனிப் பொருள் எங்கள் வீட்டில் எதுவுமே கிடையாது! பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் வேலைதான் என்று முடிவுகட்டி, அதைத் தடுத்துவிட்டேன். அப்போதும் மனம் ஆறவில்லை. வாசலில் அவள் சிரித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டிலிருந்து கணவர் பதறி அழைத்தார். "காலைல போட்டுவிட்ட மோட்டார போன்ல நிறுத்த முடியல. கெணத்துல தண்ணி கம்மி, ஓடிப்போயி ஆப் பண்ணு!"

ஓடினேன். மோட்டார் அறையில் ஸ்டெல்லா நின்றிருந்தாள். "தண்ணியில்லாம கத்துச்சுக்கா. நாந்தான் நிப்பாட்டுனேன்."

பிறகு வந்த எலக்ட்ரீஷியன், நான் எண்ணைத் தேடித் தடுத்த கதையைக் கேட்டுவிட்டு, மோட்டார் பெட்டியைத் திறந்து காட்டினார். "வெளிய இருக்கது வித்தவங்க பேரு. நம்பர்ல வாரது உள்ள இருக்க வைஃபை சில்லு செஞ்சவங்க பேருக்கா."

நான் தடுத்தது எங்கள் மோட்டாரைத்தான்.

இப்போது ஒவ்வொரு கருவியின் எண்ணையும் எழுதி அதன்மேலேயே ஒட்டி வைக்கிறேன். வைஃபை பாஸ்வேர்டை ஸ்டெல்லாவுக்கு நானாகவே கொடுத்தேன். "என்னக்கா திடீர்னு?" என்றாள். இந்த முறை முகத்தைத் திருப்பாமல் சிரித்தேன்.