வெறுங்கையோடு போகக் கூடாத வீடு

பக்கத்து அறையில் வெண்டல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவது போல இழுத்து இழுத்து வந்து, உச்சியில் ஒரு கணம் நின்று, கடகடவென்று இறங்குகிற குறட்டை.

"அத்தான் தூங்குறாரா, வீட்ட இடிக்கிறாரா?" என்றாள் மோமி.

"மெதுவா பேசுடி."

"எதுக்கு மெதுவா? இன்னுமா சொல்லல?"

நோரீன் மேஜைப் பக்கம் திரும்பினாள். மேஜை மேல் தங்கை கொண்டு வந்த ஐஸ் பெட்டி திறந்து கிடந்தது. இலையில் பொதிந்து வேகவைத்த பன்றி இறைச்சி, சேப்பங்கிழங்குக் கூழ், வைமானலோ கடற்கரையில் காயவைத்த கருவாடு. கடல் தாண்டி ஓவாஹூ தீவிலிருந்து இந்தப் பாலைவனத்து லாஸ் வேகாஸுக்கு வருகிற எவரும் வெறும் கையோடு வருவதில்லை. கருவாட்டின் வாசனை மூக்கில் ஏறியதுமே நோரீனுக்கு ஊர்க் கடற்கரை கண் முன் வந்தது. கூழைக் கரைக்கிற சாக்கில் முதுகைத் திருப்பி நின்றாள்.

"மூணு மணிக்குக் கார் வருது அக்கா. டிக்கெட்டு என் பையில இருக்கு. ஜன்னலோரம் உனக்குத்தான்."

மூன்று மணி. நோரீன் ஜன்னலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஆகஸ்ட் வெயில் சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. எதிர் வரிசை வீடுகளின் கார் ஷெட் கதவுகள் எல்லாம் இறங்கிக் கிடந்தன. இங்கே மனிதர்கள் காரிலேயே வீட்டுக்குள் போய், காரிலேயே வெளியே வருவார்கள். குடிவந்த புதிதில் நோரீன் வாசலில் நின்று கையசைத்துப் பார்த்தாள். கதவுகள் இறங்கின.

நோரீன் கானஹேலே பிறந்தது ஓவாஹூ தீவின் வைமானலோவில். அங்கே பள்ளிக்கூடச் சமையலறையில்தான் அவளுக்குத் தலை நரைத்தது. சோற்றுக் கரண்டியோடு நிற்பவளைப் பார்த்து, "ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் குழம்பு" என்று தட்டை நீட்டும் பிள்ளைகள், வளர்ந்து தங்கள் பிள்ளைகளை அதே வரிசைக்கு அனுப்பினார்கள். இங்கேயும் பள்ளிக்கூடம்தான், அதே கரண்டிதான். ஆனால் பிள்ளைகள் "மிஸ்" என்கிறார்கள். முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்டு, கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதவள் அவள்.

பிறகு ஏன் வந்தார்கள்?

தீவில் அவர்கள் வாழ்ந்தது யாரோ ஒருவருடைய கார் ஷெட்டில். சுவர் வைத்து, சன்னல் வெட்டி, வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த வாடகைக்காக வெண்டல் பகலில் விமான நிலையத்தில் மூட்டை ஏற்றினார், இரவில் ஒரு ஹோட்டல் வாசலில் காவல் நின்றார். கணவனும் மனைவியும் ஒரே கட்டிலை ஆளுக்கொரு நேரமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவர் விட்டுப்போன சூட்டில் மற்றவர் படுத்தார்கள். ஒரு விடியற்காலை, பாலி மலைப்பாதை இறக்கத்தில், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே வெண்டல் தூங்கிப்போனார். கார் தடுப்புச் சுவரில் உரசிக்கொண்டே போய் நின்றது. மருத்துவமனையில் கண் விழித்தவர் முதலில் கேட்டது, "இன்னிக்கு ஷிஃப்டுக்கு சொல்லிட்டியா?" என்றுதான். அன்று நோரீன் முடிவு செய்தாள். ஆமாம், இங்கே வரலாம் என்று சொன்னவள் அவள்தான்.

இங்கே மூன்று படுக்கையறை. துணி துவைக்கும் இயந்திரத்துக்கென்று தனியாக ஒரு அறை. வெண்டலுக்கு ஒரே வேலை, வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குகிற மனிதர் ஆகிவிட்டார். ஆனால் நோரீனுக்குத்தான் தூக்கம் போனது. விடியுமுன் எழுந்து அறை அறையாக நடப்பாள். எதைத் தேடி நடக்கிறோம் என்று அவளுக்கே புரியாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொதித்து வரும். காற்று வந்தால் மணல் வரும். ஒரு நாள் அந்த நடையிலேயே தங்கைக்குப் போன் செய்து, "பின் ரூம் காலியா இருக்கா?" என்று கேட்டுவிட்டாள். இப்போது மோமி இருக்கும் அம்மா வீட்டில், சிறுமிகளாக இருவரும் ஒரே பாயில் படுத்த அறை அது. "நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள் மோமி.

பையைக் கட்டி கட்டிலுக்கடியில் தள்ளியாயிற்று. வெண்டலிடம் சொல்வதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை சொல்ல நினைத்தாள். நேற்று நினைத்தாள். இன்று காலை அவர் முட்டை பொரித்துச் சோற்றின் மேல் போட்டுத் தந்தபோது வாய் வரைக்கும் வந்தது, சோற்றோடு உள்ளே போய்விட்டது.

"வெளிய ஒரு பார்வ பார்த்துட்டு வரேன். கார்க்காரன் சீக்கிரம் வந்தாலும் வருவான்" என்று மோமி கதவைத் திறந்தாள். வெக்கை அலையாக உள்ளே புகுந்தது. அடுத்த நொடி அவள் குரல்.

"அக்கா, என் செருப்ப என்னடி பண்ணினே?"

நோரீன் ஓடிப் போய்ப் பார்த்தாள். தீவு வழக்கப்படி, வாசலிலேயே கழற்றி விட்டிருந்தாள் மோமி. வெயிலில் காய்ந்த சிமெண்ட்டில் அந்த ரப்பர் செருப்பு சுருங்கி, ஓரம் சுருண்டு, ஐந்து வயதுப் பிள்ளையின் செருப்பாகக் கிடந்தது.

"ஐயோ, உள்ள கொண்டு வந்து வைன்னு சொல்ல மறந்துட்டேன்."

மோமி அதில் கட்டை விரலை மட்டும் நுழைத்துப் பார்த்தாள். "என்ன ஊருடி இது, வந்தவங்க செருப்பையே தின்னுது. அதுக்குள்ள இருந்தும் நீ பாதி ஆகாம இருக்கியே, அதுவே பெருசு." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். நோரீனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அம்மாவிடம் அடி வாங்கப்போகும் சிறுமிகள் போல இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரித்து முடித்தபோதுதான் நோரீன் கவனித்தாள். வீட்டுக்குள் சத்தமே இல்லை.

குறட்டை நின்றிருந்தது.

அவள் மெல்ல அறைக்குள் போனாள். வெண்டல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். அந்த முதுகு தூங்குகிற முதுகு இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா? மண்டியிட்டுப் பையை இழுத்தாள். கனத்தது. தான் கட்டியபோது இந்தக் கனம் இல்லையே என்று ஜிப்பைத் திறந்தாள்.

அவள் துணிகளின் மேல், கடை உறைகளில், மிளகு போட்ட மாட்டிறைச்சி வற்றல். சர்க்கரை பூசிய கொட்டைப் பருப்புப் பொட்டலங்கள். தீவுக்குத் திரும்பிப் போகிற எவரும் ஊராருக்கு எடுத்துப் போகிற பொருள்கள். வெறுங்கையோடு போய் வாசலில் நிற்பது எவ்வளவு பெரிய அவமானம். பிறந்ததிலிருந்து அந்த முறை தெரிந்த நோரீன், அவசரத்தில் அதை அடியோடு மறந்திருந்தாள். திருட்டுத்தனமாகப் போகிறவளுக்கு எந்த முறை ஞாபகம் இருக்கும்?

"பருப்ப அடியில வெக்காத, நசுங்கிடும்" என்றது முதுகு.

நோரீன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எப்ப தெரிஞ்சுது?"

"தொட்டிச் செடிக்கு எப்படித் தண்ணி ஊத்தணும்னு சொல்லித் தந்தியே, அன்னிக்கே."

"என்னைத் திட்டுங்க. ஏதாவது சொல்லுங்க."

"திட்ட என்ன இருக்கு? நீ ராத்திரி நடக்குறது எனக்குக் கேக்காதா?"

"நீங்களும் வாங்களேன்."

வெண்டல் அப்போதும் திரும்பவில்லை. "அங்க ஒரு வேலை பார்த்து யாரு பொழைச்சிருக்கா? பாலி வளைவுல இன்னொரு தடவ கண்ண மூடினா, நான் தொறக்க மாட்டேன் நோரீன். நீ போயிட்டு வா. வந்தா வா."

அந்த 'வந்தா வா' அவள் நெஞ்சில் கத்தி போல இறங்கியது. பையைத் தூக்கிக்கொண்டு எப்படிக் கூடத்துக்கு வந்தாள் என்று தெரியவில்லை. மோமியின் கண்ணைச் சந்திக்க முடியாமல், பொட்டலங்களை எடுத்து மேஜையில் வைக்கத் தொடங்கினாள். ஏதாவது செய்யவேண்டும், கை சும்மா இருந்தால் உடைந்துவிடுவாள்.

"இது உனக்கு. இது உன் பக்கத்து வீட்டு டாரலுக்கு."

"டாரல் ஆரிகன் போயிட்டான். வீட்ட வித்துட்டான்."

"சரி, அப்ப இது ஊர் ஸ்கூல் கிச்சன்ல என் கூட இருந்த ஷார்லீனுக்கு."

"அவ மக யூட்டாவுல இருக்கா இல்ல? அங்கேயே கூட்டிட்டுப் போயிட்டா."

நோரீனின் கை நின்றது. "சர்ச்சுல உக்குலேலே வாசிப்பாரே, அங்கிள் மைரன்?"

மோமி தலையை மட்டும் ஆட்டினாள். அவர் போன இடம் ஆரிகனும் இல்லை, யூட்டாவும் இல்லை என்று நோரீனுக்குப் புரிந்தது.

"இது உன் பையன் மைக்காவுக்கு. அவனாவது இருக்கான்ல?"

மோமி சுருங்கிய செருப்பை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"பின் ரூம் எப்படிக் காலியாச்சுன்னு நெனச்சே அக்கா? அது அவன் ரூம். போன மாசம் டெக்சாஸ் போயிட்டான். அங்க வீடு வாங்கலாமாம்." அவள் குரல் உடைந்தது. "காலைல பஸ் ஓட்டுறேன், ராத்திரி கடையில நிக்கிறேன். வீட்டுக்கு வந்தா நாலு ரூமும் இருட்டு. எல்லா ரூம்லயும் வெளக்கப் போட்டுட்டு நடுவுல உக்காந்திருக்கேன். நீ போன் பண்ணினதும் ஓடி வந்தேனே, உனக்காகன்னா நெனச்சே?"

நோரீன் தங்கையின் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். இருவரும் குலுங்கி அழுதார்கள். தான் ராத்திரி முழுக்க நடந்து நடந்து தேடிய வைமானலோவில், இந்த ஒரு தலையைத் தவிர வேறு யார் மிச்சம்? இங்கேயோ பக்கத்து அறையில், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற ஒரு முதுகு.

"நீ இங்க வந்துடு மோமி. மூணு ரூம் இருக்கு."

"நானும் வந்துட்டா அம்மா வீட்டுல யாரு வெளக்குப் போடுறது?"

வெளியே கார் ஹாரன் அடித்தது.

மோமி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அக்காவின் பையைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"இந்தத் தடவ இல்லடி" என்றாள் நோரீன்.

"அடுத்த தடவன்னு ஒண்ணு இருக்கா?"

"தெரியல. சத்தியமா தெரியல."

மோமி தலையசைத்தாள். ஐஸ் பெட்டியைக் காலி செய்து, அதில் நோரீன் பொட்டலங்களை அடுக்கினாள், பருப்பை மேலே வைத்து. ஆள் இல்லாவிட்டால் பரவாயில்லை, பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்குக் கொடு என்றாள். பிறகு உள்ளே போய், ஊருக்குப் போகும்போது போடவென்று காகிதம் சுற்றி வைத்திருந்த தன் புதுச் செருப்பைக் கொண்டு வந்து தங்கையின் காலடியில் வைத்தாள்.

"பெருசா இருக்கு" என்றாள் மோமி, போட்டுப் பார்த்து.

"வெயில்ல வை. சரியாயிடும்."

மோமி சிரிக்க முயன்றாள். தீவு வழக்கப்படி விடைபெற, நெற்றியோடு நெற்றி வைத்து ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார்கள். தளர்ந்த செருப்பு தரையில் டப் டப் என்று அடிக்க, மோமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் ஏறினாள். கார் முனை திரும்பும்வரை நோரீன் நிலைப்படியில் நின்றாள். வெக்கை அவள் கண்ணீரைக் கன்னத்திலேயே காயவைத்தது. உள்ளே மேஜையடியில் சுருங்கிய செருப்பு கிடந்தது. கூடத்தில் அவள் பை, ஜிப் திறந்தபடி நின்றது. அதைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைப்பாளா, மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளுவாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

உள்ளே அறையிலிருந்து, தயங்கித் தயங்கி ஒரு குரல்.

"வீட்டுல யாரு இருக்கா?"

"நான்தான்" என்றாள் நோரீன். "தூங்குங்க."

கதவைச் சாத்தினாள்.