இஸ்லாவில் கட்டாத கயிறு

லேலியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. முப்பத்தொரு வருடம் என் படகில் துடுப்புப் போட்டவன். எங்கள் துறைமுக ஊரான பிர்குவின் கரையில் அவனைப் போன்ற தோள் இன்னொருவனுக்கு இருந்ததில்லை. நான் லேசில் யாரையும் புகழ்கிறவன் அல்ல. கன்னியர் பள்ளியில் இரண்டே வருடம் உட்கார்ந்துவிட்டு, கடன் வாங்காமல் ஒரு படகை மூன்று படகாக்கியவன் நான். கப்பற்படைத் தளபதிகளே என் படகுக்காகக் காத்து நின்றிருக்கிறார்கள். எனக்கு ஆள் அருமை தெரியும். ஆனால் லேலியின் தலை இருக்கிறதே, அது கோட்டை மதில் கட்டி மீந்துபோன கல்.

ஐம்பத்தெட்டாம் வருடத்துப் படகுப் போட்டியில் எங்கள் பிர்கு எதிர்க்கரை இஸ்லாவிடம் ஒரு முழத்தில் தோற்றது. முன் துடுப்பில் இருந்தவன் லேலி. அன்று சாயங்காலம் இஸ்லாக்காரர்கள் ஒரு சவப்பெட்டியில் ‘பிர்கு’ என்று எழுதி, கறுப்பு முக்காடு போட்ட நாலு ஆண்களை ஒப்பாரி வைக்கவிட்டு, எங்கள் துறைக்கே படகில் கொண்டுவந்தார்கள். நாங்கள் எல்லோரும் வைதோம், இரண்டு நாளில் விட்டுவிட்டோம். லேலி விடவில்லை. தன் கால் இஸ்லா மண்ணில் படாது, தன் படகுக் கயிறு இஸ்லாத் துறையின் இரும்பு வளையத்தில் விழாது என்று எங்கள் ஊர்க் கோயில் புனித லாரன்ஸ் சிலை முன்னால் சத்தியம் செய்தான். அவனுடைய சொந்தத் தங்கை இஸ்லாவில் வாழ்க்கைப்பட்டபோது, விருந்து முடியும்வரை கரைக்கு இருபது அடி தள்ளிப் படகிலேயே உட்கார்ந்திருந்தான். கல்யாணப் பாதாம் மிட்டாயைக் கூடையில் வைத்து அவனுக்குக் கொண்டுபோனவன் நான்தான். வேறு யார்?

இதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை, எழுபத்தொன்று வரை. அந்த வருடம் அவன் மகள் ஸ்தெல்லாவை, என் ஞானமகளை, கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒரு கோசோத் தீவுப் பையன் விரும்பினான். பையனின் தகப்பன் கிரெத்சு ஒரு விவசாயி. அவரும் அவர் மனைவி ஃபிலுமேனாவும் ஒரு நாள் எங்கள் துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்து, பெண் வீட்டில் சாப்பிட்டு, ஐந்து மணிக் கப்பலில் திரும்புவதாக ஏற்பாடு. கப்பல் ஏறுமுன் கிரெத்சு சரி என்றால் கல்யாணம். இல்லையென்றால் அவர் ஊரிலேயே பையனுக்கு ஒரு பெண் தயாராக இருந்தாள். ஸ்தெல்லா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

“டேய், இன்னைக்கு ஒரு நாள் இஸ்லாங்கிற பேச்சே உன் வாயில வரக் கூடாது,” என்று காலையிலேயே எச்சரித்தேன்.

“நான் ஏண்ணே பேசப் போறேன்? அந்தப் பேரச் சொன்னாலே வாய் கொப்புளிக்கணும்.”

துறைமுகத்துக்கு அக்கரையில் இருக்கும் தலைநகர் வலேட்டாவை நான்தான் சுற்றிக் காட்டினேன். அவர்களுக்குப் பதில் ஒரு சுவருக்குச் சுற்றிக் காட்டியிருக்கலாம். தங்கம் இழைத்த கோயிலைக் காட்டினால் கிரெத்சு, “எங்க ஊர்ல இதவிட உசரம்,” என்றார். மதிலைக் காட்டினால், “எங்களுக்கும் கோட்டை இருக்கு. அங்க காத்து நல்லா வரும்,” என்றார். ஃபிலுமேனாவுக்குப் புதுச் செருப்பு கடித்தது. மணி காட்ட நடுப்பகலில் சுடும் பீரங்கி வெடித்தபோது அந்த அம்மா அலறி, சம்பந்தி வீட்டுக்கென்று கொண்டுவந்த மிளகுப் பாலாடைக்கட்டிகளைக் கீழே கொட்டிவிட்டார். நான், இந்த நேனு, முழங்கால் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

நிமிர்ந்தால் அந்த அம்மா தண்ணீருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தார். “அந்த முனையில தெரியுதே, கண்ணும் காதும் செதுக்கின காவல் கூண்டு, அதப் பாக்காம நான் கோசோவுக்குப் போக மாட்டேன். அந்தக் காதுல ஒரு வார்த்தை சொல்லணும்.”

அது இருப்பது இஸ்லா முனையில்.

பிர்குவுக்குப் போகும் வழிதான் என்று, படகில் காத்திருந்த லேலியின் காதில் கெஞ்சி, மிரட்டி, ஸ்தெல்லாவின் பெயரைச் சொல்லிப் படகை அங்கே விடச்செய்தேன். கரைக்கு ஒரு சாண் இருக்கையில் துடுப்பை நிறுத்திவிட்டான்.

“கயித்த வளையத்துல போடுடா.”

“கயிறு வேற நான் வேற இல்லண்ணே. நீங்க இறங்குங்க. நான் துடுப்பாலயே புடிச்சு நிக்கிறேன்.”

“என்னய்யா இது? வளையத்துல கயிறு கட்டக்கூடவா தெரியாது பொண்ணப் பெத்தவருக்கு?” என்றார் கிரெத்சு. இறங்க மாட்டேன் என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஃபிலுமேனாவைத் தூக்கிக் கரையில் வைத்த எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

மேலே போய் அந்த அம்மா கூண்டைப் பார்த்து ரொம்ப நேரம் முணுமுணுத்தார். இறங்கி வந்தால் படகைக் காணோம்! துறையில் உட்கார்ந்திருந்த இஸ்லாப் படகோட்டிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“நேனு அண்ணே, உங்க லேலி சம்பந்தியக் கடத்திட்டுப் போய்ட்டான்!”

“கட்டாத படகு போகாம என்ன செய்யும்? கப்பல் ஒண்ணு அலையடிச்சுட்டுப் போச்சு. ரெண்டு பேரும் பேச்சு மும்முரத்துல கவனிக்கல. அதோ பாருங்க!”

நடுத்துறையில் என் படகு துடுப்புப் போடுவாரில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. மூன்று படகுக்குச் சொந்தக்காரன் நான், இஸ்லாக்காரன் படகில் பயணியாக உட்கார்ந்து என் படகைத் தேடிப் போனேன். அந்த அவமானத்தை இன்றுவரை பிர்குவில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

கிட்டே போனால் இரண்டு பேரும் ரொட்டியைப் பிய்த்து அந்தப் பாலாடைக்கட்டியைத் தின்றுகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஃபிலுமேனா, இந்தாள் பதிமூணு வருஷமா அந்தக் கரைய மிதிக்கலையாம்!” என்று கிரெத்சு எழுந்து நின்று கத்தினார். “சவப்பெட்டி கதையச் சொன்னார் பாரு... இவர்தான் மனுஷன்! நான் நம்ம ஊர் இன்னொரு கோயில்காரனுங்களோட பேண்டு வாத்தியக் கிளப்பு வாசல மிதிச்சு இருபத்தாறு வருஷம் ஆச்சே, நீ எத்தனை தடவை கிறுக்கன்னு திட்டியிருப்ப!”

“இப்பவும் திட்டுறேன்,” என்றார் அந்த அம்மா. “உட்காருங்க, விழுந்து தொலைக்கப் போறீங்க. கல்யாணத்துக்கு என்ன பதில்?”

“சரிதான்! இந்த வீட்டுப் பொண்ணுக்கு வேற என்ன பதில்?”

எனக்கு மூச்சு வந்தது. அந்த அம்மாவை எங்கள் படகுக்கு மாற்றலாம் என்று எழுந்தேன். லேலி துடுப்பை நீட்டி எங்களைத் தள்ளினான்.

“அண்ணே, இஸ்லாப் படகு நம்ம படகுல உரசக் கூடாது.”

“சரியாச் சொன்னீங்க சம்பந்தி!” என்றார் கிரெத்சு.

ஆக, நாங்கள் இஸ்லாப் படகிலேயே பிர்கு வந்து இறங்கினோம். சமைத்து வைத்த முயல் ஆறிப்போய்க் கிடந்தது. ஸ்தெல்லாதான் அதை முதலில் தட்டு நிறையப் போட்டுக்கொண்டாள்.

மறு வருடம் பேரன் ஞானஸ்நானத்துக்குக் கோசோ போனோம். வீட்டிலிருந்து கோயிலுக்கு நேர்ப் பாதை ஐந்து நிமிடம்தான். ஆனால் வழியில் கிரெத்சு மிதிக்காத அந்தக் கிளப்பு இருக்கிறது. அதனால் கல்லறை மதிலைச் சுற்றி, தக்காளி வயலுக்குள் புகுந்து, முக்கால் மணி நேரம் நடந்தோம். குழந்தை என் கையில். என் வெள்ளைச் சட்டையில் அது ஈரம் பண்ணிவிட்டது. என் புதுச் செருப்பு சேற்றில் ஒரு முறை கழன்றது. முன்னால் சம்பந்திகள் இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு, ஊர்வலம் போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தார்கள்.