கீச்சிடும் பெல்ட்டுகளும் நானும்

கார் மெக்கானிக்குக் கை எவ்வளவு முக்கியமோ, காதும் அவ்வளவு முக்கியம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பெல்ட் கீச்சென்று கத்த, எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க, ஒன்றுமே நடக்காத மாதிரி கியரைப் போட்டுக் கிளம்புகிறவர்களே, உங்களைப் போன்றவர்களோடுதான் காரைக்குடியில் பதினெட்டு வருடமாக என் பிழைப்பு ஓடுகிறது.

எண்ணெய் வைத்தியம்

வலையபட்டியில் ஒரு கல்யாணத்துக்கு வந்த பையன், பெல்ட் கத்துவது மானக்கேடாக இருக்கிறதென்று அதன்மேல் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிட்டான். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் முன்னைவிடப் பலமாகக் கத்தியது. பெல்ட் வழுக்கி, அதனால் ஓடும் பவர் ஸ்டியரிங்கும் கல்லாக இறுகிவிட்டது. எப்படியோ பட்டறைவரை ஓட்டி வந்தான். பானட்டைத் திறந்தால் சமையல்கட்டு வாசம். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிப்போயிருந்தது. புது பெல்ட்தான் போட வேண்டும் என்றேன். பின்சீட்டில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த அவன் அம்மா சொன்னார்: “வீட்ல ஒருநா அடுப்பு பத்த வச்சதில்ல, வண்டிக்குத் தாளிச்சுட்டு வந்திருக்கான்!”

மூன்று பெல்ட்

அரியக்குடியிலிருந்து ஒரு கணக்கு டீச்சர் வந்தார். மூன்று இடத்தில் மூன்று பெல்ட் மாற்றியும் சத்தம் நிற்கவில்லையாம். இன்ஜின் ஓடும்போதே பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். சத்தம் நின்று, சில நொடிகளில் திரும்பி வந்தது. பெல்ட் தளர்ந்திருந்தால் தண்ணீர் பட்டதும் இன்னும் கத்தும். இப்படி நின்று திரும்பினால் பெரும்பாலும் பெல்ட் ஓடும் சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்காது.

“ஸ்கேல் இருக்கா டீச்சர்?” என்றேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இன்ஜினை நிறுத்திவிட்டு வைத்துப் பார்த்தால், ஆல்டர்னேட்டர் சக்கரம் நூலளவு வெளியே தள்ளியிருந்தது. அதன் போல்ட் ஒன்று லூஸ். முறுக்கி நேராக்கினேன், சத்தம் போய்விட்டது. ஸ்கேலைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டே டீச்சர் சொன்னார்: “மூணு பேரும் வழிமுறையே இல்லாம விடைய மட்டும் எழுதியிருக்காக.”

நான் சொன்ன சொல்

இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் டயாலிசிஸுக்காக மனைவியை வாரம் இரண்டு முறை மதுரைக்குக் கூட்டிப்போவார். ஒரு வெள்ளிக்கிழமை போகிற வழியில் பட்டறையில் நிறுத்தினார். “தம்பி, கத்துது. மதுரை போய்ட்டு வந்துருமா?” கையில் வேறு வேலை இருந்தது. பெல்ட்டை மேலாகப் பார்த்தேன், வெடிப்பில்லை. “தாங்கும், போய்ட்டு வாங்கண்ணே” என்றேன்.

அவர்கள் பிள்ளையார்பட்டி தாண்டுவதற்குள் எனக்குப் போன் வந்தது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ரோலரின் பேரிங் இறுகி, பெல்ட் அறுந்து, வண்டி ரோட்டோரம் நிற்கிறது. என் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த அம்மா வீங்கிய கால்களோடு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மதுரைவரை நானே ஓட்டினேன். அவர்கள் முறை போய்விட்டதால் மதியம்தான் இடம் கிடைத்தது. அதுவரை அவருக்கு மூச்சு வாங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இப்போதெல்லாம் ரோலரைக் கையால் சுற்றிப் பார்க்காமல் எந்த வண்டியையும் நான் அனுப்புவதில்லை.

சாயங்காலம் இருவரையும் வீட்டில் இறக்கிவிட்டேன். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “வண்டி காலையிலேயே சொல்லுச்சு தம்பி. நீங்கதான் தாங்கும்னு சொன்னீக.”

சத்தம் போனபின்

ஒரு வருடமாகக் கத்தவிட்டே ஓட்டிய ஜவுளிக்கடைக்காரருக்குப் பெல்ட் மாற்றிக் கொடுத்தேன். மறுநாளே முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். “என்னண்ணே, திரும்பக் கத்துதா?” என்றேன். “அது நின்னுபோச்சுப்பா. இப்பத்தேன் மத்த சத்தமெல்லாம் கேக்குது!”

பெல்ட் மாற்ற ஒரு மணி நேரம் போதும். சத்தம் கேட்ட அன்றே வண்டியைக் கொண்டுவரும் ஆளாக நாம் மாற எத்தனை நாளாகும் என்றுதான் எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.