கரண்டியில் தேத்தண்ணி

அப்பாவின் மூளைத்தண்டில் இருந்த கட்டியில் பாதியைத்தான் எடுத்தார்கள். மீதி, மூச்சுக்கும் விழுங்குவதற்குமான நரம்புகளோடு பின்னிக் கிடக்கிறது, தொட்டால் ஆளே மிஞ்ச மாட்டார் என்று கோயமுத்தூர் டாக்டர் படம் போட்டுக் காட்டினார். புற்றுதான், பெரியவர்களுக்கு இந்த இடத்தில் வருவது அபூர்வம் என்றார். எங்கள் குடும்பத்துக்கு அபூர்வமாக வாய்த்த முதல் விஷயம் அது.

வீட்டில் முதலில் படித்தவன் என்பதால், சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எல்லோருக்கும் விளக்குகிற வேலை எனக்கு. நானும் படம் வரைந்தேன். பொறுமையாகக் கேட்ட மாமா, “பாதி மலையில கொழுந்த விட்டுட்டு வந்தா நமக்கு அரைப்பேர்தான், பாதிக் கூலி. டாக்டருக்கு மட்டும் முழுச் சம்பளமா?” என்றார்.

மிச்சக் கட்டியைக் கதிர்வீச்சால் சுட வேண்டும். அதுவரை நுரையீரலில் சளி கட்டக் கூடாது. அப்பாவுக்கு விழுங்குவது தடுமாறியது. தண்ணீரோ டீயோ மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், கூழ்பதத்தில் இருப்பதைத்தான் கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். படிச்ச புள்ள சொன்னா சரிதான் என்று தலையாட்டியவர்கள், மறுநாள் பிளாஸ்கோடு வந்தார்கள். தேயிலைக்காரர்கள் நோயாளியைப் பார்க்க வேறு எதைக் கொண்டு வருவார்கள்? நான் வாசலில் நின்று ஒவ்வொரு பிளாஸ்காக வாங்கி வைத்தேன். செக்போஸ்டில்கூட அவ்வளவு கெடுபிடி இருக்காது.

மாமா மட்டும் எப்படியோ உள்ளே போய் மூடியில் ஊற்றிவிட்டார். அப்பாவின் உதட்டருகில் போனதைப் பிடுங்கினேன். ஆபரேஷனுக்குப் பிறகு காற்றாகிப்போன குரலில் அப்பா சொன்னார்:

“ஒன்னப் படிக்க வச்சதே இந்தத் தேத்தண்ணிதாண்டா.”

சிலோனிலிருந்து சின்னப் பையனாக வந்தவர். டீ என்று ஒருநாளும் சொன்னதில்லை. மூடியில் இருந்ததைச் சாக்கடையில் ஊற்றினேன். மாமா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில், விழுங்கப் பயிற்சி தருகிற தெரபிஸ்ட் அம்மா நான் சொன்ன பிளாஸ்க் கதையையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். கேன்டீனிலிருந்து டீ வாங்கிவரச் சொல்லி, ஏதோ பொடி போட்டுக் கலக்கினார். கஞ்சியாக இறுகியது. ஒரு கரண்டி ஊட்டி, அப்பாவின் தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தார்.

“இப்ப ‘ஆ’ சொல்லுங்க ஐயா.”

இருமல் இல்லை. குரலில் கரகரப்பும் ஏறவில்லை. டீ சரியான வழியில்தான் இறங்கியிருந்தது. நெஞ்சிலும் சளியில்லை, திங்கட்கிழமையே கதிர்வீச்சு ஆரம்பிக்கலாம் என்றார்கள். எனக்குக் கண் கலங்கியது. அப்பா அதைக் கவனிக்கவில்லை. முப்பது வருஷம் தேயிலை ஃபேக்டரியில் நின்ற மனிதர் முகத்தைச் சுளித்தபடி கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கருமம், களி மாதிரி இருக்கு,” என்றார். “இன்னொரு கரண்டி குடுக்கச் சொல்லு.”