எங்கள் வீட்டில் தங்கிய நெறியாளர்

என் ஆய்வு நெறியாளர் பெங்களூருக்கு வருகிறார் என்று சொன்ன மறுநாளே அப்பா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூப்பிட்டார். மாநில அரசில் உயர்ந்த பதவி வகித்து ஓய்வு பெற்றவர் அவர். மந்திரிகளிடமே நிமிர்ந்து பேசியவர் என்று உறவில் பெயர். ஐரோப்பாவிலிருந்து ஒரு புள்ளியியல் பேராசிரியர் வந்து சில நாள் தங்குவார் என்றதும் அந்த முதுகு வளைந்துவிட்டது.

"ஓட்டல்ல தங்கட்டும்ப்பா. அவருக்கும் அதுதான் வசதி."

"குருவ ஓட்டல்ல தங்க வெக்கறதா? நல்லா இருக்கும்மா நியாயம்!"

குரு. நான் அங்கே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே அந்தச் சொல்லை அவர் விஷயத்தில் கைவிட்டிருந்தேன். மாதம் ஒருமுறை என்னைப் பார்ப்பார். பாதி நேரம் தன் பனிச்சறுக்குப் பயணங்களைப் பற்றிப் பேசுவார். நான் அனுப்பிய பக்கங்களை என் முன்னால்தான் முதன்முதலாகத் திறப்பார். திறந்ததும் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்கு மேல் அவர் வாசித்து நான் கண்டதில்லை.

என் ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு கூட்டம் மனிதர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும்போது சிலர் நடுவில் காணாமல் போவார்கள். அவர்களைப் பற்றி என்ன சொல்ல முடியும்? எங்களிடம் இருந்தது பெங்களூர் ஓரம், ஹெப்பகோடி பக்கத்து கார்மென்ட்ஸ் ஆலைகளில் தைக்கும் பெண்களின் மூச்சுத் தொல்லை பற்றிய விவரங்கள். காணாமல் போனவர்களும் இருப்பவர்களைப் போலத்தான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது பேராசிரியரின் வழி. அந்தச் சௌகரியத்தின் மேல்தான் அவருடைய புகழ் முழுவதும் நின்றது. நோயாளிகளே அதிகமாக விலகிப் போயிருந்தால் முடிவு எவ்வளவு தூரம் பிசகும் என்பதற்கு நான் ஒரு தேற்றம் நிரூபித்திருந்தேன். "அழகான கணினி வேலை" என்று சொல்லி அதைத் தள்ளி வைத்தார்.

வந்தார். எங்கள் வீட்டுச் சாரு என்னும் ரசத்தைச் சூப் மாதிரிக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். அப்பா ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் விளக்கவுரை நிகழ்த்தினார். இரண்டாம் நாள் சாப்பாட்டின்போது பேராசிரியர் முகம் மலர்ந்து சொன்னார்: "உங்கள் மகள் கணக்கிடுவதில் கெட்டிக்காரி. இந்தியர்கள் எல்லோருமே அப்படித்தான். ஏன் என்று யோசிப்பதுதான் கொஞ்சம் மெதுவாக வரும்."

"கரெக்ட் சார், ரொம்ப கரெக்ட்," என்று அப்பா தலையை ஆட்டினார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். கல்லூரியில் கணிதம் கற்பித்தவள் அவள். "அவர் என்ன சொன்னார்னு புரிஞ்சுதான் ஆட்டறீங்களா?"

"சும்னிரு," என்றார் அப்பா. அம்மாவை அடக்க வேண்டுமென்றால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும்.

பேராசிரியர் சொன்னதைவிட அந்தத் தலையாட்டல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் நகரத்து ஆய்வு நிறுவனம் ஒன்றில் அவருடைய உரை. சிறிய அரங்கம். அப்பா கோட்டு போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் என் தேற்றம் வந்தது. நான் வைத்த குறியீடுகள்கூட மாறாமல், அவர் பெயரில் வந்தது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், அரங்கம் கொடுத்தவர்களுக்கும் பயண ஏற்பாடு செய்தவர்களுக்கும் நடுவில், "கணினி உதவி" என்று என் பெயர். அப்பா கைதட்டினார்.

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். ஹெப்பகோடிக்கு அருகே சந்தாபுராவில் கிளினிக் நடத்தும் மருத்துவர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "மூச்சு முட்டி மெஷின் முன்னால் உட்கார முடியாமல் வேலையை விட்டவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களையும் வேலையில் இருப்பவர்களையும் ஒன்றாகவா எடுத்துக்கொண்டீர்கள்?"

"அந்தத் தேற்றம் அதைக் கவனித்துக்கொள்கிறது."

"எப்படி?"

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். யாரோ எழுதியதை முதன்முதலாகப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார். உண்மையும் அதுதானே. பிறகு என் பக்கம் கையை நீட்டி, "கணினி விவரங்களை என் மாணவி சொல்வாள்," என்றார்.

எழுந்தேன். "இது கணினி விவரம் இல்லை, தேற்றம். நான் நிரூபித்தது. இவர் இன்னும் படிக்கவில்லை." பலகைக்குப் போய் முதல் வரியிலிருந்து எழுதினேன். விலகியவர்களில் நோயாளிகள் அதிகம் என்றால், ஆலையில் முகக்கவசம் கொடுத்ததால் மூச்சுத் தொல்லை குறைந்தது என்ற அவருடைய முடிவே நிற்காது என்றும் சொன்னேன். மருத்துவர் மட்டும் மேலும் இரண்டு கேள்விகள் கேட்டார். மற்றவர்கள் தங்கள் செல்போன்களுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். இத்தனை படித்தவர்கள் ஒரே சமயத்தில் கோழையாவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காரில் வரும்போது பேராசிரியர், "இந்த நாட்டில் ஆசிரியர்களுக்கு மரியாதை உண்டு என்று நினைத்திருந்தேன்," என்றார்.

"படிக்கிற ஆசிரியர்களுக்கு உண்டு," என்றேன்.

அன்று மாலையே ஓட்டலுக்குக் கிளம்பினார். அவருடைய பெட்டியை அப்பாவே படியிறக்கித் தூக்கிக்கொண்டு போனார். "சின்னப் பொண்ணு சார், மன்னிச்சிடுங்க," என்று ஆங்கிலத்தில் கெஞ்சியது மாடி வரைக்கும் கேட்டது. முப்பது தாண்டிய சின்னப் பெண் மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர், "என் மானத்த வாங்கிட்டியே," என்றார்.

"அத நீங்களேதான் தூக்கிட்டுப் போய் கார்ல வெச்சீங்க," என்றாள் அம்மா. பிறகு என்னிடம் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தைக் கொடுத்து, "அந்த நிரூபணத்த எனக்குச் சொல்லு," என்றாள். பாதி வரை என்னோடு வந்தாள். அதற்கு மேல் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டாள். நெறியாளர் ஒருநாளும் அவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை.

இருவரும் ஐரோப்பா திரும்பியதும், என்னோடு தொடர முடியாது என்று அவர் துறைக்கு எழுதினார். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டுப் பிஸ்கெட் கொடுத்து, "கலாச்சார வேறுபாட்டால் வந்த மனவருத்தம்," என்றார். திருட்டுக்கு அப்படியொரு நாகரிகமான பெயர் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. விஷயம் வெளியே போகுமோ என்ற பயத்தில் என்னை வேறொரு பேராசிரியையிடம் மாற்றினார்கள். சிரிக்கவே சிரிக்காத பெண்மணி. ஒவ்வொரு வரியையும் படித்தார். ஒரு துணைத்தேற்றத்தில் ஓட்டை இருப்பதைக் காட்டினார். அதை அடைக்க ஓர் ஆண்டு கூடுதலாயிற்று. அந்த ஆண்டில்தான் நான் புள்ளியியல் படித்தேன் என்று சொல்வேன்.

பட்டம் வந்தது. தேற்றமும் என் பெயரில் வெளிவந்தது. பழைய நெறியாளர் முதல் ஆளாக வாழ்த்து அனுப்பினார்: "எங்கள் மாணவி!"

அப்பா அதை அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டினார். அவரைத் திருத்தும் ஆசை எனக்குப் போய்விட்டது. இப்போது பெங்களூரிலேயே வேலை பார்க்கிறேன். அந்த மருத்துவரோடு சேர்ந்து, வேலையை விட்டுப் போன பெண்களை வீடு வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். சிலர் கிடைக்கிறார்கள். போன மாதம் பழைய நெறியாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருடைய பணி ஓய்வுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம், நான் பாராட்டுக் கட்டுரை எழுத வேண்டுமாம். "அவருடைய எந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி?" என்று பதில் போட்டேன்.